இலங்கைக்கு எந்த மாதம் வருவது? முதலில் எந்தக் கரை என்று சொல்லுங்கள்

சென்னையிலிருந்து வந்தாலும் டொரொன்டோவிலிருந்து வந்தாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இலங்கைக்கு எந்த மாதம் வந்தால் நல்லது?" இணையத்தில் தேடினால் "டிசெம்பர் முதல் மார்ச் வரை" என்று ஒரே பதில் வரும். காலி, மிரிஸ்ஸ பக்கம் போகிறவருக்கு அந்தப் பதில் சரி. அதையே நம்பி டிசெம்பரில் நிலாவெளியில் அறை போட்டவர், கலங்கிப் புரளும் கடலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்க வேண்டியதுதான்.

இங்கே மாதத்தைத் தெரிவு செய்யும்போது வெப்பநிலையை மறந்துவிடலாம். கொழும்பில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் சராசரி வெப்பத்தில் ஓரிரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்காது. பார்க்க வேண்டியவை மூன்று: மழை, கடல், கூட்டம். இந்த மூன்றும் தீவு முழுவதற்கும் ஒரே நேரத்தில் நன்றாக அமைவதில்லை. சில வாரங்கள் மட்டும் விதிவிலக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

காரணம் மலைகள். தீவு வடக்கு தெற்காகச் சுமார் 430 கிலோமீற்றர் நீளம், அகலம் கூடிய இடத்தில் 225 கிலோமீற்றர் அளவு. தெற்குப் பாதியின் நடுவில் மலைநாடு. மிக உயர்ந்த பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வருகிறது. அது கடலிலிருந்து அள்ளி வந்த ஈரத்தை மலைகளின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடும். மலையைத் தாண்டி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்கிற அந்தக் காற்று முகத்தைச் சுடும். யாழ்ப்பாணத்தில் அதே பருவத்துக் காற்று சோளகம். கார்த்திகை, மார்கழியில் காற்று திசை மாறி வாடையாக வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மழை வடக்குக்கும் கிழக்குக்கும், வெயில் தெற்குக்கும் மேற்குக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு இடம் உண்டு. கொழும்பு - பதுளை ரயிலில் நானுஓயா தாண்டினால் பட்டிப்பொல வரும், 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கப்பாதை. மத்திய மாகாணமும் ஊவா மாகாணமும் பிரியும் இடமும் அதுதான். ஜூலையில் போனால் ஹற்றனிலிருந்தே தூறல், ஜன்னலை மூடினாலும் ஓரத்தால் ஒழுகும் தண்ணீர், தேயிலைச் செடிகளுக்கு மேல் மூடுபனி, குல்லா போட்ட குழந்தைகள். சுரங்கத்துக்குள் இருட்டில் எல்லாரும் கூச்சல் போட்டு முடித்து ஒஹிய பக்கம் வெளியே வந்தால் பல நாட்களில் பளிச்சென்ற வெயில். கண் கூசும். ரயில் கதவில் தொங்கிப் படமெடுக்கிறவர்கள் அதற்குப் பிறகுதான் எழும்பி வருவார்கள்.

சரி, ஒவ்வொரு பருவமாகப் பார்ப்போம்.

டிசெம்பர் முதல் மார்ச் வரை தெற்குக்கும் மேற்குக்கும் உரிய காலம். பென்தொட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ, தங்காலை எல்லாம் அமைதியான கடலோடு இருக்கும். மிரிஸ்ஸவிலிருந்து நீலத்திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போவதும் இந்தக் காலத்தில்தான். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். காலையில் கடலுக்குப் போனால் வயிறு புரட்டும் என்று தெரிந்தவர்கள் முதல் நாள் இரவே மாத்திரை வாங்கி வையுங்கள், படகில் ஏறிய பிறகு வாங்க முடியாது.

மலைநாட்டுக்கும் இந்தக் காலத்தின் பின்பாதிதான் நல்லது. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மேகம் ஏறி வெள்ளைச் சுவராகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு மற்ற மாதங்களை விட அதிகம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். "இலங்கைதானே, வெயில் நாடு" என்று ஒரு மெல்லிய சட்டையோடு வந்து, கடைத்தெருவில் ஸ்வெட்டர் தேடுகிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

யாத்திரை மலையான சிவனொளிபாதமலை ஏறுவது இந்தக் காலத்தோடு கட்டுண்டது. மலையேற்றப் பருவம் டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அந்த மாதங்களில் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை படிகளுக்கு விளக்கு எரியும், வழியெல்லாம் தேநீர்க் கடைகள் இருக்கும், இரவு இரண்டு மணிக்கும் பாட்டிமார் கைத்தடியோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். 2,243 மீற்றர் உச்சியில் சூரிய உதயம் பார்த்தால், மலையின் முக்கோண நிழல் மேற்கே மேகத்தின் மீது விழுவதும் தெரியும். பருவம் தவறி ஜூலையில் ஏறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் விளக்கு இல்லை, கடை இல்லை, காற்று ஆளைத் தள்ளும், அட்டைகள் காலைச் சும்மா விடாது. வார நாளில் போங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த சனி, ஞாயிறில் போனால் படியில் நின்று நின்றே விடிந்துவிடும்.

இந்தக் காலத்தின் குறை கூட்டமும் விலையும்தான். கிறிஸ்மஸுக்கு முதல் வாரத்திலிருந்து ஜனவரி முதல் பாதி வரை தெற்குக் கரையில் அறை வாடகை ஏறி நிற்கும். எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலில் முற்பதிவு இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். அதனால் என்னிடம் கேட்டால் டிசெம்பரை விட்டுவிடச் சொல்வேன். பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிவு வரை அதே கடல், அதே வானம், குறைந்த நெரிசல்.

அதே டிசெம்பர், ஜனவரியில் வடக்கு எப்படி இருக்கும்? யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை விழுகிறது. அந்த மழை முடிந்த பிறகு வரும் தை மாதத்தை யாரும் சுற்றுலாக் காலமாக எண்ணுவதில்லை. எனக்கு அதுதான் வடக்கின் மிக அழகான காலம். இரணைமடுக் குளம் நிரம்பியிருக்கும், கிளிநொச்சி, மன்னார் வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தடியிலும் வங்காலைப் பக்கத்திலும் வலசைப் பறவைகள், பூநாரைகள் உட்பட, வந்து இறங்கியிருக்கும். இரவில் போர்வை தேவைப்படும். பொங்கலுக்குப் பிறகு சந்தையில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வரும். கடலில் குளிக்க ஆசைப்படாதவர், உறவினர் வீட்டில் தங்கி ஊர் பார்க்க வருகிறவர், ஜனவரி பின்பாதியை யோசிக்கலாம். ஓரிரு நாள் தூறல் வரும். மழை விட்டும் தூவானம் விடாத காலம் அது. குடை ஒன்று போதும்.

இனி அடுத்த பெரிய தெரிவு: ஜூலை, ஓகஸ்ட்.

தெற்குக் கரை இப்போது கொந்தளிக்கும். மிரிஸ்ஸவில் திமிங்கிலப் படகுகள் பெரும்பாலும் நின்றிருக்கும், ஹிக்கடுவவில் பல கடைகள் பூட்டு. திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் திறந்திருக்கும். பாசிக்குடாவில் நூறு மீற்றர் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர், சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான கடற்கரை இந்த நாட்டில் இல்லை என்பேன். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறைகள், நீர்மூழ்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைத் தாழ்த்தினாலே மீன்கள் தெரியும். காலை முதல் படகிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு மீனை விட மனிதர் அதிகம். திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களும் இந்த மாதங்களில் தென்படும். அறுகம்பே அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். உங்களுக்கு அலைப்பலகை தெரியாவிட்டால் அங்கே ஒரு இரவு போதும்.

மின்னேரியா யானைக் கூட்டமும் இந்தக் காலத்துக்குரியது. மகாசேனன் கட்டிய அந்தக் குளம் கோடையில் வற்றும்போது கரையில் புதுப்புல் முளைக்கும். அதைத் தேடிச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் வரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மாலை வேளையில் நூற்றுக்கணக்கில் திரண்டு நிற்பதால்தான் இதற்கு இவ்வளவு பெயர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு சில ஆண்டுகளில் கோடையிலும் மின்னேரியாவில் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது. புல்வெளி மூழ்கினால் யானைகள் வருவதில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்கோ ஹுருளு காட்டுக்கோ நகர்ந்துவிடும். ஹபரணையில் இறங்கியதும் ஜீப் ஓட்டுநர்களிடம் "நேற்று எங்கே நின்றன?" என்று கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள். யால பூங்காவை நம்பி வருகிறவர்கள் செப்டெம்பரைத் தவிர்க்க வேண்டும். வறட்சி காரணமாக அந்த மாதத்திலிருந்து ஒக்டோபர் நடு வரை அதன் முதன்மைப் பகுதியை மூடிவிடுவது வழக்கம்.

இந்தப் பருவத்தில் திருவிழாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கதிர்காமம், கண்டிப் பெரஹரா ஊர்வலம், மடு மாதாவின் ஓகஸ்ட் 15 பெருவிழா, யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில். நல்லூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும் திருவிழா. 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் ஓடாது. வெளிவீதியில் மணல் பரப்பியிருப்பார்கள், விடியற்காலையில் ஈரவேட்டியோடு பிரதட்டை செய்கிறவர்கள் அந்த மணலில் உருண்டுகொண்டு போவார்கள். பெண்கள் கற்பூரச்சட்டி ஏந்தி வருவார்கள். உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், அமைச்சராக இருந்தாலும் சரி. மாலையில் ஐஸ்கிறீம் கடைகளுக்கு முன்னால் லண்டன் பிள்ளைகளும் பரிஸ் பிள்ளைகளும் அரைகுறைத் தமிழில் பேசிக்கொண்டு நிற்பார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது வருடாந்த ஒன்றுகூடல். அதனாலேயே விமானச் சீட்டும் விடுதி அறையும் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை என்பதால், யாழ்ப்பாணத்து நண்டுக்கறியைக் கனவு கண்டுகொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஜூலை மதியம் அநுராதபுரத்திலோ பொலன்னறுவையிலோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் நடப்பது தண்டனைதான். தடித்த காலுறை ஒன்று பையில் இருந்தால் கால் பிழைக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழிக்காகச் சொன்னதாக இருக்கலாம், ஆனால் யாழ்ப்பாணத்துத் தீவகப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தவருக்கு அதில் சந்தேகம் வராது. அதே காற்றுக்காகத்தான் கற்பிட்டியில் பட்டப்பலகைச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) விளையாடுகிறவர்கள் இந்த மாதங்களில் வந்து குவிகிறார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்ன வேண்டுமென்றால் ஓகஸ்ட் வரை காத்திருக்காமல் ஜூனிலேயே வாருங்கள்.

இனி அந்த விதிவிலக்கான வாரங்கள். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் பத்து நாள் வரை. வாடை ஓய்ந்து, சோளகம் தொடங்காத இடைவெளி. தெற்குக் கடல் இன்னும் கெடவில்லை, கிழக்குக் கடல் ஏற்கெனவே அடங்கிவிட்டது. பின்னேரங்களில் இடியோடு ஒரு மழை வரும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வெளித்துவிடும். கொழும்பில் புழுக்கம் தாங்காது, அதற்கு மருந்து மலைநாட்டுக்கு ஓடுவதுதான். காலியும் பார்க்க வேண்டும், திருகோணமலையிலும் குளிக்க வேண்டும், நடுவில் கண்டியும் வேண்டும் என்று ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே காலம் இது.

ஏப்ரல் 13, 14 மட்டும் கவனம். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் கொழும்பிலிருந்து கிளம்பும் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. புத்தாண்டன்றும் மறுநாளும் கடைகள் பூட்டு, சாப்பாட்டுக்கே அலைய வேண்டி வரும். நுவரெலியாவுக்கு அந்த மாதம்தான் 'சீசன்', மலர்க்கண்காட்சி, கார்ப்பந்தயம் என்று உள்ளூர்க்காரர் முழுப்பேரும் அங்கே. ஒரு அறைக்குக் கேட்கும் வாடகையைக் கேட்டால் குளிர் விட்டுப்போகும். தமிழ்நாட்டிலிருந்து கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் புத்தாண்டு நெரிசல் அடங்கிய ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்து கிழக்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். மே பின்பாதி வரை இழுக்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம் தெற்கும் சப்ரகமுவ மாகாணமும் அஞ்சும் நேரம். 2016 மே மாதத்தில் அரநாயக்க மண்சரிவு, 2017 மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை வெள்ளம், இரண்டும் அப்படி வந்தவைதான். ஜூன் மலிவு. கிழக்கைத் தெரிவு செய்தால் ஜூன் வெறிச்சோடிய நல்ல மாதம். பொசன் பௌர்ணமிக்கு மிகிந்தலை, அநுராதபுரம் பக்கம் போனால் மட்டும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மிச்சமிருப்பது ஒக்டோபரும் நவம்பரும். தீவு முழுதும் மழை பெய்யும் காலம் இது ஒன்றுதான், எந்தக் கரைக்கும் உத்தரவாதம் கிடையாது. வங்கக்கடலில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் இதுவே. மட்டக்களப்பில் வயதானவர்கள் 1978 நவம்பர் சூறாவளியை வைத்துத்தான் இன்றும் வயதுக் கணக்குச் சொல்வார்கள். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி திருகோணமலைக்கு அருகே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தன. மலையக ரயில் பாதையும் சேதமடைந்தது, ஆகவே எந்த மாதம் வந்தாலும் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். நவம்பர் கடைசி இரண்டு வாரத்தில் மலைச்சரிவு ஓரம் அறை எடுக்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான ஆலோசனை.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வர நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரப் பயணம், வானூர்தியை விடச் சுவாரசியம். ஆனால் 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை வடகிழக்குப் பருவம் வந்ததால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடி, மழைக்காலத்தில் மறுபடி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியது. ஆகவே கப்பலுக்குப் பெப்ரவரிக்குப் பிறகு பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகுக்கும் கடல் சம்மதிக்க வேண்டும், நாடு திரும்பும் விமானச் சீட்டை அடுத்த நாளுக்கே போட்டுவிட்டு நெடுந்தீவுக்குப் போகாதீர்கள்.

வேலையில் விடுப்பு ஒக்டோபரில் மட்டும்தான் என்றால் வராமல் இருக்க வேண்டியதில்லை. கடலை மறந்துவிட்டு சீகிரியா, தம்புள்ள, பொலன்னறுவைப் பக்கம் வாருங்கள். மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் பிடிக்கும், சீகிரியாக் குன்றைக் காலை ஏழு மணிக்கே ஏறி இறங்கிவிடலாம். அறைக்குப் பேரம் பேசலாம், கொடுப்பார்கள். பௌர்ணமி எந்தத் திகதியில் விழுகிறது என்பதை மட்டும் நாட்காட்டியில் பார்த்து வையுங்கள். போயா நாளில் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. இது பன்னிரண்டு மாதத்துக்கும் பொது.